இருபத்து நான்கு இடது கைகள்

கோலார் தங்கவயலில், சாம்பியன் ரீப்ஸில் வீடு வைத்திருக்கும் ஒரு பெண், தினமும் மாலை ரயிலில் தன் ஸ்டேஷனுக்கு முந்திய ஊரிகத்திலேயே இறங்கி ஓடுகிறாள் என்றால் என்ன காரணம் இருக்க முடியும்? கேட்டவர்களுக்கெல்லாம் லவினா சொன்ன பதில், காய்கறி. ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டில் காய் புதிதாகக் கிடைக்கும் என்பாள். தனியாக வாழும் அவளுடைய ஃபிரிட்ஜைத் திறந்தால் முருங்கைக்காய் கட்டுக்கட்டாகக் காலில் விழும். ஒரு வாரம் ஐந்து சுரைக்காய் சேர்ந்துவிட்டது. அவள் சுரைக்காயும் கையுமாக வருவதைக் கண்டாலே பக்கத்து லைன் வீடுகளில் கதவைச் சாத்திக்கொள்ளத் தொடங்கினார்கள்.

உண்மைக் காரணத்துக்கு வயது நாற்பத்தேழு. பெயர் ஆஸ்டின். மார்க்கெட் வாசலில் பிரட் ஆம்லெட் வண்டி வைத்திருப்பவர்.

நாற்பத்து மூன்று வயதில் ஒருத்திக்குக் காதல் வரலாமா என்று லவினா தன்னையே நூறு முறை கேட்டிருக்கிறாள். நூறு முறையும் பதில் வருவதற்குள் முகம் சிவந்துவிடும். அவளைப் பெண் பார்க்க வந்தவர்கள் ஒரு காலத்தில் உண்டு. ஒருவருக்கு அவள் உயரம் பிடிக்கவில்லை, இன்னொருவருக்கு அவள் சிரிப்பு சத்தமாகப் பட்டது. அதன் பிறகு அப்பா போனார், அம்மா போனார், தம்பி துபாய் போனான். லவினா காலை ரயிலில் பெங்களூர் போய் மாலை ரயிலில் திரும்பிக்கொண்டிருந்தாள். இருபது வருடம் அப்படியே ஓடிப்போயிற்று, ஒருவர் பெயரைக் கேட்டு இதயம் துள்ளாமல்.

பெங்களூரில் அவளுக்கு ஒரு பல் லேபில் வேலை. பல் போனவர்களுக்குப் புதுப் பல் கட்டும் இடம். மெழுகுத் துண்டில் ஊசி போன்ற கருவிகளால் பல்லைச் செதுக்குவாள். ஒரு கடைவாய்ப் பல்லின் மேடு பள்ளத்தை அவள் செதுக்கினால், அது மெழுகு என்று நம்பாமல் தொட்டுப் பார்ப்பார்கள். இடது கைக்காரி. சின்ன வயதில் அம்மா அந்தக் கையில் எத்தனையோ முறை கரண்டியால் தட்டியதன் பலனாக, ஊர் முன்னால் வாங்குவது, கொடுப்பது, சாப்பிடுவது எல்லாம் வலது கையால் செய்யப் பழகிவிட்டாள். தனியாக இருக்கும்போது, வேலை செய்யும்போது, இடது கைதான் அவளுடைய கை.

நான்கு வருடத்துக்கு முன்பு ரயிலில் ஏறும்போது வழுக்கிக் கால் முறிந்தது. ஆறு வாரம் கட்டிலோடு கட்டில். செல்போனில் வீடியோவாகப் பார்த்துத் தள்ளிக்கொண்டிருந்தவள், ஒரு நாள் யாரோ மரக்கட்டையில் படம் செதுக்குவதைப் பார்த்தாள். கட்டையில் கோடு கோடாகச் செதுக்கி, மேலே கறுப்பு மையை உருட்டி, தாளை வைத்துத் தேய்த்து எடுத்தால் படம். செதுக்கிய இடம் வெள்ளை, விட்ட இடம் கறுப்பு. அட, இது நம்ம பல் வேலை மாதிரிதானே என்று கைகள் பரபரத்தன. பேத்தமங்களாவில் ஒரு தோட்டத்தில் காற்றுக்கு விழுந்திருந்த கொய்யா மரத்தைச் சொல்லிவைத்து, குறுக்காக அறுத்து, உள்ளங்கை அகலத்துக்கு இருபத்து நான்கு துண்டுகள் வாங்கினாள். கொய்யா மரம் கல் மாதிரி இருக்கும். தலைமுடி கனத்தில் கோடு போட்டாலும் பிசிறாது.

கால் சரியாகி முதல் நாள் வேலைக்குப் போய்த் திரும்பும்போது, பிரட் வாங்கலாம் என்று நொண்டிக்கொண்டே மார்க்கெட்டுக்குப் போனாள். ஆம்லெட் வண்டிக்காரர் அவள் நடையைப் பார்த்தார். அடுப்பைத் தணித்துவிட்டு, தான் உட்காரும் ஸ்டூலைத் தோளில் கிடந்த துண்டால் துடைத்து அவள் முன்னால் வைத்தார். "உக்காருங்க சிஸ்டர்" என்றார்.

அவ்வளவுதான். இருபது வருடம் தூங்கிய இதயம் எழுந்து உட்கார்ந்துகொண்டது. ஸ்டூலைப் பார்த்து அழுத பெண் கேஜிஎஃபிலேயே அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். வெங்காய நெடி என்று சமாளித்தாள்.

ஒரே ஒரு இடைஞ்சல், அந்த 'சிஸ்டர்'. இருவரும் ஒரே சபை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அவர் ஆண்கள் பக்கம் மூன்றாவது பெஞ்சு, இவள் பெண்கள் பக்கம் ஐந்தாவது. சபையில் எல்லா ஆணும் பிரதர், எல்லாப் பெண்ணும் சிஸ்டர். மிளகுத்தூள் போதுமா சிஸ்டர், பார்த்துப் போங்க சிஸ்டர் என்று அவர் சொல்லும்போதெல்லாம் லவினாவின் நெஞ்சில் ஒரு கதவு மூடும். மறுநாள் மாலை ஊரிகத்தில் இறங்கும்போது அது தானாகத் திறந்துகொள்ளும்.

ஆஸ்டினின் மனைவி கிரேஸ் இறந்து ஆறு வருடம். வண்டியின் பெயர்ப்பலகையில் இன்னும் 'கிரேஸ் பிரட் ஆம்லெட்' என்றுதான் இருந்தது. ஒவ்வொரு தீபாவளிக்கும் மார்க்கெட்டே கடைகளுக்குப் பெயின்ட் அடிக்கும்போது, அவர் அந்தப் பெயருக்கு மட்டும் சிவப்பு பூசுவார்.

இப்படிப்பட்ட மனிதரிடம் வாயைத் திறந்து எப்படிச் சொல்வது? லவினாவுக்குச் சொல்ல வரவில்லை, செதுக்க வந்தது. மார்க்கெட்டில் நின்று செல்போனில் படம் எடுத்துக்கொள்வாள். வீட்டில் கட்டை மேல் பென்சிலால் வரைவாள். ரயிலில் செதுக்குவாள். ஓடும் ரயிலில் கோடு நடுங்கும் என்பதால், பங்காருபேட்டையில் மற்ற ரயில்களுக்கு வழிவிட்டு வண்டி நிற்கும் நேரத்துக்காகவே காத்திருப்பாள். வண்டி தாமதமானால் பெட்டியே சிக்னலைத் திட்டும். லவினா மட்டும் மனதுக்குள் கொண்டாடுவாள்.

முதல் கட்டை, இட்லி விற்கும் பார்வதம்மா. இரண்டாவது, கடலை வறுக்கும் கணேஷ்குமார். வெற்றிலையும் விபூதியும் கற்பூரமும் விற்கும் ஏகநாதன், குடை ரிப்பேர்க்காரர், பூக்காரி, சாவி போடுபவர், கரும்புச்சாறு மெஷினோடு மல்லுக்கட்டுகிறவர் என்று மார்க்கெட்டே ஒவ்வொருவராகக் கொய்யாக் கட்டையில் வந்து நின்றது. எல்லோரையும் அவள் ஒரே கணத்தில் பிடித்திருந்தாள்: பொருளை எதிரில் இருப்பவர் பக்கம் நீட்டும் கணம். அந்த நேரத்தில் ஒரு வியாபாரியின் முகத்தில் வரும் வெளிச்சம் வேறெப்போதும் வராது என்பது அவள் கண்டுபிடிப்பு.

கட்டையை அச்செடுத்தால் இடம் வலம் மாறிவிடும் என்பதை முதல் கட்டையிலேயே கற்றுக்கொண்டாள். 'பார்வதம்மா டிபன்' என்று வண்டித் தகரத்தில் இருந்த எழுத்து தலைகீழ் பாஷையாக வந்தது. தினமும் அவளோடு பயணம் செய்யும் ஷில்பா, இருபத்தாறு வயது, ஐடி கம்பெனிக்காரி, அதைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு ஊரிகத்தில் தொடங்கி பங்காருபேட்டையில்தான் நின்றது. அந்தக் கட்டையை இழைத்துத் தள்ளிவிட்டுப் புதிதாகத் தொடங்கினாள் லவினா. அதிலிருந்து எழுத்துகளை மட்டும் கண்ணாடியில் பார்த்துத் திருப்பி எழுதிச் செதுக்குவாள். ஒரு புள்ளி பிசகாது.

எழுத்துகளை மட்டும். இந்த 'மட்டும்' பிறகு என்னவெல்லாம் செய்தது என்று பாருங்கள்.

இருபத்து நான்காவது கட்டைக்கு மூன்று மாதம் ஆயிற்று. ஆஸ்டின் தட்டை நீட்டுகிறார். எதிரில் ஒரு பெண், முதுகு மட்டும் தெரிகிறது. ஒற்றைப் பின்னல், தோளில் தொங்கும் பை, பையில் தொங்கும் ரயில் பாஸ். வாங்குவதற்காகச் சற்றே குனிந்திருக்கிறாள். ஒரு பெண் தன் முதுகைத் தானே செதுக்குவது எவ்வளவு கஷ்டம் என்று செதுக்கியவளுக்குத்தான் தெரியும். வண்டி முன்னால் தான் நிற்கும்போது பின்னாலிருந்து படம் எடுக்கும்படி ஷில்பாவிடம் சொன்னாள். அன்றைக்கு ஷில்பாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

பெயர்ப்பலகைக்கு மட்டும் லவினா இரண்டு வாரம் எடுத்துக்கொண்டாள். கிரேஸ் என்ற மூன்று எழுத்து, அரிசி அளவில். அந்தப் பேரைப் போய் இவ்வளவு அழகாகச் செதுக்குகிறீர்களே ஆன்ட்டி, அதை விட்டுவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்றாள் ஷில்பா. அந்தப் பேரை விட்டுவிட்டால் அது அவர் வண்டியே இல்லை என்றாள் லவினா, கட்டையிலிருந்து தலையைத் தூக்காமல்.

கண்காட்சி வைக்கலாம் என்பது ஷில்பாவின் யோசனை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்த பிறகு, சாம்பியன் ரீப்ஸில் சபை ஹாலில். மார்க்கெட்காரர்கள் எல்லோரையும் அழைப்பது. வருகிறவர்களுக்கு ஆஸ்டின் வண்டியிலிருந்தே பிரட் ஆம்லெட். அவர் வந்துதான் ஆக வேண்டும், இருபத்து நான்காவது படத்தைப் பார்த்துத்தான் ஆக வேண்டும். பார்த்தால் புரிந்துகொள்வார். லவினா சொல்ல வேண்டிய நான்கு வருடத்துச் சொல்லையெல்லாம் அந்த உள்ளங்கை அகலப் படம் சொல்லிவிடும்.

புரிந்துகொண்டு அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டால்? அப்புறம் ஊரிகத்தில் இறங்க வழி ஏது? அந்த நினைப்பிலேயே லவினா அந்த வாரம் ஒரு பாட்டியின் மேல்வரிசைப் பல் செட்டில் பதினான்குக்குப் பதில் பதினைந்து பல் வைத்துவிட்டாள்.

ஞாயிறு வந்தது. ஹாலின் ஜன்னல்களை ஒட்டிக் கொடி கட்டி, துணி கிளிப் மாட்டி, இருபத்து நான்கு படங்களையும் தொங்கவிட்டாள். வெங்காயத் தோல் போன்ற மெல்லிய தாள். பின்னாலிருந்து ஜன்னல் வெளிச்சம் வந்து விழ, கறுப்பும் வெள்ளையுமாகப் படங்கள் உயிரோடு அசைந்தன. பாஸ்டர் ஐயா ஜெபம் செய்துவிட்டு இன்னொரு வீட்டு விசேஷத்துக்குக் கிளம்பினார்.

மார்க்கெட் வந்து இறங்கியது. பார்வதம்மா பட்டுப்புடவை. கணேஷ்குமார் கூலிங் கிளாஸ். ஏகநாதன் நெற்றி நிறைய விபூதியோடு, சர்ச் ஹாலுக்குள் செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று வாசலில் தவித்து, கடைசியில் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே வந்தார். ஒவ்வொருவரும் அவரவர் படத்தைத் தேடி ஓடினார்கள். ஒரே கூச்சல், ஒரே சிரிப்பு. குடைக்காரர் தன் வழுக்கைக்கு இவ்வளவு வெள்ளை தேவையா என்று விசாரித்தார். பூக்காரி தன் படத்தின் முன்னால் நின்று பத்து செல்ஃபி எடுத்தாள். லவினாவுக்குக் கால் தரையில் படவில்லை.

பார்வதம்மா தன் படத்தின் கன்னத்தைத் தடவினார். மூக்குத்திகூட வந்திருக்கிறது பார் என்று பூரித்தார். பிறகு முகத்தைத் தாளுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். தன் வலது கையைத் தூக்கிப் பார்த்தார். இடது கையைத் தூக்கிப் பார்த்தார். சிரிப்பு அப்படியே உறைந்தது.

"ஏம்மா லவினா, இன்னாம்மா இது? நான் பீச்சாங்கையால இட்லி குடுக்கறேன்?"

அப்புறம் எல்லோரும் தங்கள் படத்தைத் திரும்பப் பார்த்தார்கள். கணேஷ்குமார் இடது கையால் கடலைப் பொட்டலம் நீட்டினான். பூக்காரி இடது கையால் மல்லிகை நீட்டினாள். ஏகநாதன் இடது கையால் விபூதி மடித்துக் கொடுத்தார். அவர் கையிலிருந்த செருப்பு நழுவிக் கீழே விழுந்தது. இருபத்து நான்கு பேர், இருபத்து நான்கு இடது கைகள். ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட் முழுவதும் ஒன்று சேர்ந்து வாங்க வந்தவர்களை அவமானப்படுத்திக்கொண்டிருந்தது.

லவினாவுக்குத் தலை சுற்றியது. எழுத்தைத் திருப்பத் தெரிந்தவளுக்குக் கையைத் திருப்பத் தோன்றவில்லையே. வலது கையை வலது கையாகவே கட்டையில் வரைந்தாள். அச்சில் அது இடது கையாக வந்தது. ஒவ்வொரு படத்தையும் இருபது முறை பார்த்திருக்கிறாள். ஒரு முறையாவது உறுத்தியிருக்க வேண்டாமா? உறுத்தவில்லை. இடது கைக்காரியின் கண்ணுக்கு இடது கைதான் இயல்பான கை. இந்த உலகத்தில் வேறு யார் செதுக்கியிருந்தாலும் முதல் படத்திலேயே கண்டுபிடித்திருப்பார்கள்.

அவள் விளக்கினாள். கட்டை, மை, தாள், இடம் வலம் என்று திக்கித் திக்கிச் சொன்னாள். யாருக்கும் புரியவில்லை. முப்பது வருடத்தில் ஒரு பச்சைக் குழந்தைக்குக்கூட அந்தக் கையால் தான் கொடுத்ததில்லை என்று பார்வதம்மா மூக்கைச் சிந்தினார். இதை வெளியூர்க்காரர்கள் பார்த்தால் என்ன ஆகும் என்று ஏகநாதன் ஜன்னலைச் சாத்தப் போனார். எல்லாவற்றையும் கழற்று என்று ஒரு குரல் வந்தது. லவினாவின் விரல்கள் முதல் கிளிப்பின் மேல் போய்விட்டன. நான்கு வருடமும் ஒரு கொடித் துணியாக மடிந்து பைக்குள் போகப்போகிறது.

அப்போதுதான் ஷில்பாவுக்கு மூளை வேலை செய்தது. தாள் மெல்லியது, வெளிச்சம் பின்னால் இருக்கிறது. பார்வதம்மாவின் படத்தைக் கழற்றினாள், முதுகுப்புறம் முன்னால் வரும்படி திருப்பி மாட்டினாள்.

"நோடி பார்வதம்மா, பாருங்க. சால்வ்டு."

அதிசயம். பார்வதம்மா வலது கையால் இட்லி கொடுத்துக்கொண்டிருந்தார். ஹாலில் கைதட்டல். எல்லோரும் தாங்களே கிளிப்பைப் பிடுங்கித் திருப்பத் தொடங்கினார்கள். பார்வதம்மா லவினாவைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்தையும் வழித்து நெட்டி முறித்தார். மகிழ்ச்சி சரியாக ஒரு நிமிடம் இருந்தது.

"அக்கா," என்றான் கணேஷ்குமார், கூலிங் கிளாஸைக் கழற்றிவிட்டு. "கை சரியாயிடுச்சு. ஆனா என் போர்டு இன்னா பாஷையில கீது?"

'கணேஷ்குமார் கடலை மண்டி' என்ற கம்பீரமான எழுத்துகள் வலமிருந்து இடமாக ஓடிக்கொண்டிருந்தன. கை நேரானால் பேர் தலைகீழ். பேர் நேரானால் கை தலைகீழ். லவினா அவ்வளவு பாடுபட்டுத் திருப்பிச் செதுக்கிய எழுத்துகளே இப்போது அவளுக்கு எதிராக நின்றன.

பேரா, கையா? அந்த ஒரு கேள்வியில் மார்க்கெட் இரண்டாகப் பிளந்தது. பார்வதம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவர் கைக் கட்சி.

"பேரு எப்படிப் போனா இன்னாடா? என் மூஞ்சப் பாத்தா தெரியாது?"

"கை எல்லாருக்கும்தான் கீது பெரிம்மா," என்றான் கணேஷ்குமார். "போர்டு எனக்கு மட்டும்தான் கீது."

ஏகநாதன் யோசிக்கவே இல்லை, விபூதி விஷயத்தில் விளையாட்டு கூடாது என்று கையைத் தேர்ந்தெடுத்தார். சாவிக்காரர் இரண்டு முறை மாற்றி மாட்டி, இரண்டும் திருப்திப்படாமல் படத்தைப் பக்கவாட்டில் திருப்பிப் பார்த்தார். கரும்புச்சாறுக்காரர் தன் பேரில் எப்போதும் ஒரு எழுத்துப் பிழை உண்டு, திரும்பினால் நல்லதுதான் என்றார். கிளிப்புகள் தெறித்தன. தாள்கள் புரண்டன. திருப்பு, மாட்டு, வேண்டாம் பழையபடி வை என்று ஒரே அமர்க்களம். அழுகையும் சிரிப்பும் ஒரே தொண்டையில் முட்டிக்கொள்ள, லவினா ஒரு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

வாசலில் கை துடைத்துக்கொண்டு ஆஸ்டின் வந்து நின்றது அந்த நேரத்தில்தான். வெளியே வண்டியை நிறுத்தி அடுப்பைப் பற்றவைத்துவிட்டு வந்திருந்தார். ஆராதனைக்குப் போட்ட வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு. வரிசையாகப் பார்த்துக்கொண்டே நடந்தார். கடைசிப் படத்துக்கு வந்தார். அதை மட்டும் யாரும் திருப்பியிருக்கவில்லை.

லவினாவின் இதயம் காதில் அடித்தது.

அவர் தோளுக்குப் பின்னாலிருந்து பார்வதம்மா எட்டிப் பார்த்தார். பின்னலைப் பார்த்தார். பையைப் பார்த்தார். ரயில் பாஸைப் பார்த்தார். பிறகு திரும்பி, பெஞ்சில் உட்கார்ந்திருந்த லவினாவின் பின்னலையும் பையையும் பார்த்தார். முப்பது வருடமாக மார்க்கெட்டின் சேதிகளையெல்லாம் தன் வாயால் பரப்பியவர், அந்தப் பெரிய சேதியைக் கண்டு வாயைப் பொத்திக்கொண்டார். பூக்காரி கணேஷ்குமாரின் விலாவில் இடித்தாள். பத்து நொடியில் ஹாலில் தெரியாதவர்கள் யாருமில்லை. நான்கு வருடத்து ரகசியம், கொடியில் கிளிப் மாட்டித் தொங்கிக்கொண்டிருந்தது.

ஆஸ்டின் மட்டும் படத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பெயர்ப்பலகையை விரலால் தொடாமல் தொட்டார். பிறகு அவர் பார்வை தட்டுக்கு இறங்கியது, தட்டைப் பிடித்திருந்த கைக்கு இறங்கியது. முகம் சுருங்கியது. மெல்லத் திரும்பினார்.

"லவினா," என்றார்.

சிஸ்டர் போய்விட்டது. அந்தப் பேரை அவர் வாயிலிருந்து கேட்க நான்கு வருடம் தவம் கிடந்தவளுக்கு, அது வந்த விதம் நெஞ்சைக் கிழித்தது. அவர் குரலில் அவ்வளவு வலி.

"நாலு வருஷத்துல ஒரு நாளாவது நான் உங்களுக்கு இந்தக் கையால குடுத்திருக்கேனா?"

லவினா எழுந்து நின்றாள். யாருக்கும் புரியாத விளக்கத்தை அவருக்கு மட்டும் எப்படிச் சொல்வது? உண்மையைச் சொன்னாள்.

"இல்ல. ஒரு நாளும் இல்ல. நான் இடது கைக்காரி. என் கண்ணுக்கு இது தப்பாவே தெரியல. உங்க கை மட்டும் இல்ல, மார்க்கெட்டு கையே மாறிப்போச்சு."

ஷில்பா பாய்ந்து வந்தாள். ஒரு நொடி இருங்க அங்கிள், திருப்பினால் சரியாகிவிடும் என்று கிளிப்பில் கை வைத்தாள். படத்தைத் திருப்பினால் ஆஸ்டின் வலது கையால் கொடுப்பார். எல்லாம் நேராகிவிடும். கிரேஸ் என்ற மூன்று எழுத்து மட்டும் புரண்டு, யார் பேர் என்று தெரியாத கோடுகளாகிவிடும்.

"திருப்பாத ஷில்பா," என்றாள் லவினா. "கை எப்படியோ போகட்டும். அந்தப் பேரு நேரா இருக்கணும்."

ஷில்பாவின் கை கிளிப்பிலேயே நின்றது. ஆஸ்டின் லவினாவைப் பார்த்தார். தோள் துண்டைச் சரிசெய்துகொண்டு விறுவிறுவென்று வாசலை நோக்கி நடந்து, வெளியே போய்விட்டார்.

முடிந்தது என்று நினைத்தாள் லவினா. நாளை மாலை ரயிலில் ஊரிகம் வரும், போகும். அவள் ஜன்னலைப் பார்க்காமல் உட்கார்ந்திருப்பாள். தன் இதயத்தைத் தானே செதுக்கி, தப்பான பக்கம் அச்செடுத்துவிட்டாள். பார்வதம்மா மெதுவாக வந்து அவள் முதுகைத் தடவினார். பேர்க் கட்சியும் கைக் கட்சியும் சண்டையை மறந்து வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றன.

வெளியே டம்ளரில் ஸ்பூன் அடிக்கும் சத்தம் கேட்டது. முட்டையை அடிக்கும் சத்தம். சூடான கல்லில் வெங்காயம் விழுந்து சீறியது. கணேஷ்குமார் ஜன்னலுக்கு ஓடினான். அடுப்பு வேகமாக எரிகிறது, பிரட் கல்லில் கிடக்கிறது, ஆஸ்டின் அண்ணன் கண்ணைத் துடைக்கிறார், இல்லை, துண்டால் கையைத் துடைக்கிறார் என்று அங்கிருந்தே கிரிக்கெட் வர்ணனை போல் சொல்லிக்கொண்டிருந்தான்.

ஆஸ்டின் திரும்பி வந்தார். கையில் தட்டு. ஆவி பறக்கும் பிரட் ஆம்லெட், மேலே மிளகுத்தூள். தட்டு அவருடைய இடது கையில் இருந்தது.

பழக்கமில்லாத கை. தட்டு ஒரு பக்கம் சரிய, ஆம்லெட் விளிம்புவரை வழுக்கி வந்தது. வழியில் நின்றவர்கள் அலறிக்கொண்டு விலகினார்கள். வலது கை தன்னையறியாமல் உதவிக்கு எழுந்தது. ஆஸ்டின் அதை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். அப்படியே, ஸ்கூல் போட்டியில் ஸ்பூனில் எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டு ஓடும் பிள்ளை போல, நாக்கைக் கடித்துக்கொண்டு, ஹாலைக் கடந்து லவினாவின் முன்னால் வந்து நின்றார். இடது கையால் தட்டை நீட்டினார்.

"கிரேஸ் பேரத் திருப்பினா எனக்குத் தாங்காது," என்றார். "அது உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. என் கையத் திருப்பிக்கலாம் இல்ல? இப்ப உங்க படம் சரியாயிடுச்சு."

ஏகநாதன் மெல்ல, ஐயோ, பீச்சாங்கையால குடுத்தா வாங்கக் கூடாதும்மா என்று தொடங்கினார். பார்வதம்மா அவரை ஒரு பார்வை பார்த்தார். அவர் செருப்பைத் தேடுவது போலக் குனிந்துகொண்டார்.

லவினாவின் வலது கை, அம்மா கரண்டியால் தட்டித் தட்டி வளர்த்த கை, வழக்கம் போல முன்னால் வந்தது. பாதி வழியில் நின்றது. கீழே இறங்கியது. இடது கை மேலே வந்தது. நாற்பத்து மூன்று வயதில், ஊர் பார்க்க, முதன்முறையாகத் தன் சொந்தக் கையால் ஒன்றை வாங்கிக்கொண்டாள். கண்ணில் நீர் முட்டியதில் தட்டே தெரியவில்லை. தெரியாமலேயே ஒரு பெரிய துண்டைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டாள். சுட்டது.

ஆஸ்டின் தொண்டையைச் செருமினார். வெள்ளைச் சட்டையில் மிளகாய்த் துணுக்கு ஒட்டியிருந்தது. ஆண்கள் பக்கம் மூன்றாவது பெஞ்சில் அசையாமல் உட்காரும் மனிதர், இப்போது ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி மாறி நின்றார். அவர் கேட்டது சபைக்காரர்கள் எல்லோருக்கும் அர்த்தம் தெரிந்த கேள்வி. ஒரு ஜோடிக்குக் கல்யாணம் என்றால், ஞாயிறு ஆராதனையில் அவர்கள் பெயரைச் சபை முன் வாசித்து, தடை சொல்பவர்கள் உண்டா என்று கேட்பார்கள். மூன்று ஞாயிறு தொடர்ந்து வாசிப்பார்கள். அதற்கு ஓலை வாசிப்பது என்று பேர்.

"பாஸ்டர் ஐயா வந்ததும், நம்ம ரெண்டு பேர் ஓலைய வாசிக்கச் சொல்லிக் கேக்கட்டுமா?"

பதில் சொல்ல வேண்டியவளின் வாய் நிறையச் சூடான பிரட் ஆம்லெட். துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. கன்னம் உப்பியிருக்க, கண்ணீர் வழிய, லவினா தலையை ஆட்டினாள். ஒரு தடவை ஆட்டியது போதாது என்று தோன்றியதோ என்னவோ, நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே இருந்தாள். ஷில்பா கத்திக் குதித்ததில் கொடி அறுந்து பாதிப் படங்கள் தரையில் சரிந்தன. எது நேராக விழுந்தது, எது புரண்டு விழுந்தது என்று யாரும் பார்க்கவில்லை. பார்வதம்மா பட்டுப்புடவை முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, இந்தாளு இனிமேல் எந்தக் கையால் வேண்டுமானாலும் கொடுக்கட்டும், முதலில் எல்லோருக்கும் ஒன்று போடச் சொல்லுங்கள், பசிக்கிறது என்று உத்தரவு போட்டார்.

லவினா ஒருவழியாக விழுங்கி முடித்தாள். எல்லோரும் அவள் வாயையே பார்த்தார்கள். ஏதோ பெரிதாகச் சொல்லப்போகிறாள் என்று கணேஷ்குமார் செல்போனை எடுத்து வீடியோவை ஓடவிட்டான். அவளோ விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள்.

"மூணு ஞாயிறு ஆகுமே," என்றாள் கவலையோடு. "ஒரே ஞாயித்துல மூணு தடவ வாசிக்க மாட்டாங்களா?"